மடியில் வைக்காத கணினி

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் அலுவலகப் படியேறி வந்தவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத கறுப்பு அவருடைய நகக்கண்களில் உண்டு. அதனாலோ என்னவோ, வெள்ளைச் சுவர் உள்ள இடங்களில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். அன்றும் அப்படியே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“அவளுக்கு ஒரு லேப்டாப் பாக்கணும்மா. பெரிய ஸ்க்ரீனா இருக்கணும். அவ போடற படத்தை இழுக்கற தெம்பு இருக்கணும். ஆனா சூடு ஆகக் கூடாது. சூடே ஆகக் கூடாது.”

கடைசியில் சொன்னதை ஏன் இரண்டு முறை சொன்னார் என்று எனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே மனிதர்தான் எங்கள் முதலாளியிடம், “இனிமே அந்தப் பெட்டி எங்க வீட்டு வாசப்படி ஏறக் கூடாது” என்று தொலைபேசியில் கத்தியிருந்தார்.

அவருடைய மனைவியை நாங்கள் மேஸ்திரியக்கா என்போம். படித்தது கட்டடப் பொறியியல். எங்கள் அலுவலகத்தில் வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை எதுவானாலும் முதல் வரைபடம் அவள் கையிலிருந்துதான் வரும். எவ்வளவு எடைக்கு எவ்வளவு இரும்பு என்று நான் அதற்குக் கம்பிக் கணக்குப் போடுவேன். ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. ஆனால் வரைந்து கொடுத்ததோடு கையைத் துடைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவள். வேலை நடக்கிற இடத்துக்கே போய், கொத்தனார் கையிலிருந்த கரண்டியை வாங்கி, கோணலாக வைத்த செங்கல்லைப் பெயர்த்து நேராக வைத்துக் காட்டுவாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஒருவர், “நீங்க என்ன எஞ்சினியரா, மேஸ்திரியா?” என்று கேட்டுவிட்டார். “ரெண்டு சம்பளம் கொடுத்தா ரெண்டும்தான்” என்றாளாம். அன்றிலிருந்து அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது சாரப் பலகை புரண்டு கீழே விழுந்தாள். உயிர் பிழைத்தது. முதுகெலும்பு பிழைக்கவில்லை. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. மருத்துவமனை, பயிற்சி என்று பதினான்கு மாதம் போயிற்று. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறக் கற்றுக்கொண்ட வாரமே எனக்குப் போன் செய்தாள். “சும்மா உக்காந்திருக்க என்னால முடியாது. உக்காந்துகிட்டுச் செய்யற வேலையா ஏதாவது அனுப்பு.”

முதலாளி அலுவலகத்தின் பழைய மடிக்கணினியை அனுப்பிவைத்தார். பதினான்கு அங்குலத் திரை. வீட்டு மேசைக்கு முன்னால் நாற்காலியைக் கொண்டுபோனால் அதன் கைப்பிடிகள் மேசை விளிம்பில் முட்டின. அப்புறம் என்ன, மடியில் வைத்துக்கொண்டு வரையத் தொடங்கினாள். அந்தக் கணினிக்கு வயதாகிவிட்டது. கட்டடத்தை முப்பரிமாணத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதற்குள் அதன் விசிறி விமானம் கிளம்புகிற மாதிரி இரையும். திரையோ கையகலம். தண்ணீர்க் குழாயும் மின்குழாயும் ஒரே கோடாகத் தெரியும். ஒருமுறை கழிவுநீர்க் குழாயை நேராக உத்தரத்துக்குள்ளேயே விட்டுவிட்டாள். நான் பார்த்துத் திருத்தினேன். “கண்ணு போச்சா, மூளை போச்சான்னு எனக்கே சந்தேகமா இருக்கு” என்று சிரித்தாள். சிரிப்பில் அவ்வளவு சுரத்தில்லை.

ஒரு மாலை, வேலை முடிந்து வந்த கணவர் அவளுக்கு உடை மாற்ற உதவினார். வலது தொடையில், உள்ளங்கை அளவுக்குத் தோல் வெந்து கொப்புளமாகி, பாதி உடைந்து துணியோடு ஒட்டியிருந்தது. கணினியின் காற்றுத்துளை எந்த வடிவமோ அதே வடிவம். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அன்று காலை முழுக்க ஒரு மருத்துவமனையின் ஐந்தாவது மாடியை வரைந்து முடித்த சந்தோஷத்தில் இருந்திருக்கிறாள்.

“சுடுதுன்னு உங்க கால் உங்ககிட்ட சொல்லாது. சொல்லும்னு காத்திருக்கவும் கூடாது. இந்தக் காயம் ஆறறதே கஷ்டம். இன்னொன்னு வந்தா ஆபத்து,” என்றார் மருத்துவர்.

கணினி அலுவலகத்துக்குத் திரும்பி வந்தது. காயம் ஆற ஏழு வாரம் ஆனது.

“ஆறிடுச்சு, அதுவரைக்கும் நல்லதுதான்,” என்றார் அண்ணா, என் மேசைக்கு முன்னால் நின்றபடியே. அக்காவின் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். நான் நாற்காலியைக் காட்டிய பிறகும் உட்காரவில்லை. “ஆனா அவ பேச்சே கொறஞ்சு போச்சும்மா. நேத்து நான் சமையலறையில இருக்கேன், உள்ள அவ குரல் கேக்குது. யாருகிட்டடா பேசறான்னு எட்டிப் பாத்தா, படுத்துக்கிட்டு மேல பாத்து அளவு சொல்லிக்கிட்டிருக்கா. பத்தடி மூணு அங்குலம், ஒன்பதே காலடின்னு. நம்ம வீட்டையே மனசுக்குள்ள இடிச்சு இடிச்சுக் கட்டிக்கிட்டிருக்கா. வேலை வேணாம்னு நான் சொன்னது தப்பு. அதான் வந்தேன்.”

மேசைக்கணினி வாங்கினால் என்ன என்று அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய் அக்காவிடம் கேட்டேன். மடியில் சூடு என்ற பேச்சுக்கே இடமில்லையே.

“அதை ஒரு மூலையில வெச்சா, என்னையும் அங்கயே நட்டு வெச்ச மாதிரி ஆயிடும். வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கு ஆஃபீஸுக்கு வரணும். சைட்டுக்குப் போகணும். போற எடத்துக்கெல்லாம் அது வரணும். இல்லேன்னா வேணாம்.”

சைட்டுக்குப் போகணும் என்று அவள் சொன்னதைக் கேட்டு அண்ணா என்னைப் பார்த்தார். நான் அண்ணாவைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனோம். அக்கா ஒரு பென்டிரைவில் அந்த மருத்துவமனை வரைபடத்தைப் போட்டு எடுத்து வந்திருந்தாள். “கான்க்ரீட்டை நல்லா இருக்குன்னு வாயால சொன்னா ஒத்துக்குவோமா? அச்சுல வார்த்து, எடுத்துட்டுப் போயி உடைச்சுப் பாப்போம்ல? அந்த மாதிரிதான். என் படத்தைப் போட்டு ஓட்டிப் பாத்துட்டுத்தான் வாங்குவேன்.”

முதல் கடையின் விற்பனையாளர் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார். வந்தவர் அக்காவின் தலைக்கு மேலாக அண்ணாவிடம், “மேடம் என்ன வேலைக்கு சார் யூஸ் பண்ணுவாங்க?” என்று கேட்டார்.

“மேடத்துக்கிட்டயே கேளுங்க தம்பி,” என்றாள் அக்கா. “கால்தான் சொன்னபடி கேக்காது. காது நல்லா கேக்கும்.”

பாவம், அவர் முகம் சிவந்துபோய், மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, விரல் பருமன்கூட இல்லாத ஒரு வெள்ளிநிறக் கணினியைக் கொண்டுவந்து வைத்தார். ஐஸ் மாதிரி இருக்கும் என்றார். வரைபடத்தைத் திறந்து சுற்றவிட்ட எட்டாவது நிமிடம் ஐஸ் உருகிவிட்டது. விசைப்பலகைக்கு மேலே விரலை வைத்த நான் சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது கடையில் பெட்டியில் பெரிய பெரிய எண்கள் போட்ட ஒரு கறுப்புக் கணினி இருந்தது. வேகம், நினைவகம், கிராஃபிக்ஸ் எல்லாவற்றிலும் அதுதான் உச்சம் என்றார்கள். வரைபடம் கண்ணாடித் தரையில் உருட்டிவிட்ட கோலி மாதிரி ஓடியது. பதினேழு அங்குலத் திரையில் ஐந்து மாடியும் துல்லியமாகத் தெரிந்தது. அக்காவின் முகத்தில் நான் பல மாதமாகப் பார்க்காத ஒரு ஆசை தெரிந்தது.

“மடியில வெச்சுப் பாக்கணும்,” என்றாள். சொல்லிவிட்டு, தன் மடியைக் குனிந்து பார்த்தாள்.

“எங்கிட்டக் கொடு,” என்றார் அண்ணா. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கணினியைத் தன் தொடையில் வைத்துக்கொண்டார். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. பேருந்து வரக் காத்திருக்கிறவர் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா எட்டி எட்டி வரைபடத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

இருபது நிமிடம் கழித்து, “எப்படி இருக்கு?” என்றாள்.

“பரவாயில்ல.”

“பரவாயில்லன்னா?”

அவர் கொஞ்சம் நெளிந்தார். “பரவாயில்லன்னா... ஓடி நின்ன வண்டியோட பானெட் மேல உக்காந்த மாதிரி இருக்கு.”

“அறிவில்ல உங்களுக்கு? அதைச் சொல்லாம உக்காந்திருக்கீங்க!” அக்கா கணினியைப் பிடுங்காத குறையாகத் தூக்கினாள். எழுந்து நின்றவர் பேன்ட்டைத் தொடையிலிருந்து பிய்த்துப் பிய்த்து விட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது ஒரு சின்னக் கடை. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் பழுதுபார்க்கும் மேசை. அந்த மேசையில் நடுவயதுப் பெண் ஒருவர் நான்கைந்து கணினிகளை வயிற்றைக் கிழித்துப் பரப்பி வைத்திருந்தார். கொண்டையில் பென்சில் செருகுவது போல ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருந்தார். நாங்கள் கேட்டதைக் கேட்டுக்கொண்டே ஒரு விசிறியிலிருந்து தூசியை ஊதினார். பிறகு கணவன் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எந்தப் படம் போடறீங்க, எவ்வளவு நேரம்?”

அக்கா சொன்னாள். எதற்காகச் சூடு கூடாது என்பதையும் சொன்னாள்.

“அப்படின்னா உண்மையச் சொல்லிடறேன். இந்த வேலைக்கு மடியில வைக்கற மாதிரி ஒண்ணுகூடக் கிடையாது. எங்க கடையில இல்ல, எந்தக் கடையிலும் இல்ல. மடிக்கணினின்னு பேருலதான் மடி இருக்கு.” அவர் மூன்று கணினிகளைக் கவிழ்த்துக் காட்டினார். “பாருங்க, கீழ இருக்கற இந்த ஓட்டை வழியாத்தான் காத்து உள்ள போகும். உள்ள இருக்கற சூட்டை வாங்கிக்கிட்டுப் பின்னாடி வழியா வெளிய வரும். மடியில வெச்சா துணி வாயை அடைச்சிடும். தெம்பு ஜாஸ்தியான மெஷின்னா சூடும் ஜாஸ்தி.”

“ரேடியேட்டர் முன்னாடி அட்டைய வெச்ச கதை,” என்றார் அண்ணா.

“அதேதான் சார்.”

இருவரும் அதோடு விட்டார்களா? செப்புக் குழாய், விசிறி இதழ், தூசி அடைப்பு என்று பங்காளிகள் மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டிருந்தாள்.

நடைபாதையில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. “எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருது. உனக்கு இல்லை, உனக்கு இல்லைன்னு. ஒரு லேப்டாப்புகூட,” என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். “வீட்டுக்குப் போகலாம்.”

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. குரலே வேறு மாதிரி இருந்தது.

“அந்தம்மா சொன்னது சரிதான். தப்பு என் மேலதான். இத்தனை நாளா நான் மடிக்கேத்த கணினியத் தேடிக்கிட்டிருக்கேன். நாற்காலிக்கேத்த மேசையத் தேடவே இல்ல. மேசைக்கு எதுக்குடி காலு?”

“அக்கா?”

“மேசைக்கால் இருக்கறதாலதான், குறுக்குச் சட்டம் இருக்கறதாலதான் நாற்காலி உள்ள போகல. பால்கனிக்கு என்ன காலா இருக்கு? ஒரு பக்கம் சுவத்துல பிடிச்சிருக்கு, மறுபக்கம் அந்தரத்துல நிக்குது. அந்த மாதிரி ஒரு பலகை. என் நாற்காலிக் கைப்பிடிக்கு ஒரு அங்குலம் மேல. நான் முழுசா உள்ள போயிடுவேன். கணினி என் மேல படவே படாது. நீ கம்பிக் கணக்கு மட்டும் போட்டுக் கொடு.”

வரைபடத்தைப் பழைய நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் வரைந்து படம் பிடித்து அனுப்பியிருந்தாள். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவர். நான்கடி நீளம், இரண்டடி அகலம். கணினி உட்காருகிற இடத்தில் பலகையில் நீளமாக மூன்று துளைகள், அடியிலிருந்து காற்றுப் போவதற்கு. கணக்கு என்ன பெரிய கணக்கு, பத்து நிமிட வேலை. ஆனால் நான் அதை மூன்று முறை சரிபார்த்தேன்.

அவளோடு பல கட்டடங்களில் வேலை செய்த வெல்டிங் பட்டறைக்காரர் சனிக்கிழமை வந்து இரும்புத் தாங்கிகளைச் சுவரில் இறக்கினார். பலகையைப் பொருத்தியதும், “பாருங்க மேடம், கல்லு மாதிரி இருக்கு” என்று தட்டிக் காட்டினார்.

“தட்டினா போதாது. ஏங்க, மேல ஏறி உக்காருங்க.”

“நானா?” என்றார் அண்ணா.

“எழுவத்தெட்டு கிலோ எடைக்கு நான் வேற எங்க போவேன்?”

அண்ணா ஏறிக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா அளவுகோலை விளிம்பில் வைத்துப் பார்த்தாள். இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. இறங்கியதும் மேலே வந்துவிட்டது. “சரி, பாஸ்,” என்றாள். பட்டறைக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். அவருக்கு அவளைப் பழைய நாளிலிருந்தே தெரியும்.

மறுநாள் அந்தச் சின்னக் கடைக்கே போனோம். அந்தப் பெண் எங்களை எதிர்பார்க்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் இருந்த பலகையின் படத்தைப் பார்த்ததும் கொண்டையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை உருவி மேசையில் வைத்துவிட்டு, உள்ளேயிருந்து இரண்டு கணினிகளைத் தானே தூக்கிவந்தார்.

“இப்ப நாம பேசலாம். மடி இல்லேன்னா ஆட்டமே வேற. ஆனாலும் சூடு குறைஞ்சதாத்தான் வேணும். மணிக்கட்டு நாள் முழுக்க மேலயே இருக்கும் இல்லையா? அதோட, உள்ள சூடு ஏறினா மெஷினே பயந்துபோய் வேகத்தைக் குறைச்சுக்கும்.”

ஒன்று இரண்டாவது கடையில் பார்த்த அதே கறுப்புக் கணினி. இன்னொன்று பார்க்க லட்சணமே இல்லாதது. செங்கல் மாதிரித் தடிமன், சாம்பல் நிறம், மூன்றரைக் கிலோ. திரை கறுப்பைவிடக் கொஞ்சம் பெரிது, பதினெட்டு அங்குலம். பெட்டியில் போட்டிருந்த எண்கள் கறுப்பைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டையும் அட்டைப் பெட்டிகளின் மேல் சற்று உயர்த்தி வைத்து, ஒரே வரைபடத்தை ஒரே நேரத்தில் ஓடவிட்டோம். ஒரு மணி நேரம். தேநீர் வந்தது. அந்தப் பெண் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானியை நீட்டிச் சூட்டைப் படித்துச் சொன்னார்.

இருபத்தைந்தாவது நிமிடம் அக்கா கையை உயர்த்தினாள். “கறுப்பைப் பாருங்க. மாடிப்படி திரும்பறப்போ ஒரு திக்கு திக்குது.”

எனக்குத் தெரியவில்லை. மறுபடி பார்த்தேன். ஆமாம், படம் நின்று நின்று திரும்பியது.

“மூச்சு வாங்குது. முதல் பத்து நிமிஷம் குதிரை, அப்புறம் இதான்,” என்றார் அந்தப் பெண். “இந்தச் சாம்பலுக்கு உள்ள எடம் ஜாஸ்தி. விசிறி பெரிசு, மெதுவாச் சுத்தும். சத்தமும் கம்மி. வேகம் சொன்னது கொஞ்சம் கம்மிதான். ஆனா சொன்னதைக் கடைசிவரைக்கும் கொடுக்கும்.”

ஒரு மணி நேரம் முடிந்தபோது கறுப்பில் மணிக்கட்டு வைக்கிற இடமே நாற்பது டிகிரியைத் தாண்டியிருந்தது. சாம்பலில் முப்பத்து மூன்று. அண்ணா தன் கறுத்த கையை அதன் மேல் விரித்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நெடுநேரம் வைத்திருந்தார். பணிமனையில் இஞ்சினைத் தொட்டுப் பார்த்தே கோளாறு சொல்கிறவர் என்று அக்கா பெருமையடித்துக்கொள்வதுண்டு. “இது போதும்,” என்றார் கண்ணைத் திறந்து.

“அழகா இல்லையே,” என்றேன் நான், வாய் சும்மா இருக்காமல்.

“நான் என்ன பொண்ணா பாக்க வந்திருக்கேன்?” என்றாள் அக்கா.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டக் கொண்டுவர வேண்டும், கட்டிலில் படுத்திருக்கும்போது மறந்தும் மேலே வைத்துக்கொள்ளக் கூடாது என்று இரண்டு நிபந்தனையோடு அந்தப் பெண் கணினியைக் கொடுத்தார். இரண்டாவதற்கு அண்ணா பொறுப்பேற்றுக்கொண்டார்.

அடுத்த ஐந்து வாரத்தில் அக்கா மருத்துவமனையை முடித்தாள், இரண்டு வீடுகளை முடித்தாள். ஒரு கிளை நூலகத்தைத் தொடங்கினாள். ஜன்னல் பக்கம் இருந்து அவள் அனுப்புகிற வரைபடங்களில் எனக்குத் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. மாறாக, என் கம்பிக் கணக்கில் அவள் இரண்டு தப்புக் கண்டுபிடித்தாள்.

நூலகக் கட்டடம் எழும்பச் சில மாதம் ஆனது. வாசலில் ஒரு சாய்தளம் உண்டு. அதன் வேலை முடிந்து இரண்டு நாள் கழித்து ஒப்பந்தக்காரரிடமிருந்து அவளுக்குப் படம் வந்தது. படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “நேர்ல வரேன்” என்று மட்டும் பதில் போட்டாள்.

அண்ணா ஒரு நாள் விடுப்பு எடுத்தார். கணினியைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளைக் காரிலிருந்து இறக்கினார். விழுந்த பிறகு அவள் முதன்முதலாக ஒரு கட்டுமான இடத்துக்குள் வருகிறாள். மணல் குவியல், கம்பிக் கட்டு, கலவை இயந்திரத்தின் கடகடப்பு எல்லாவற்றையும் நாற்காலியை நிறுத்தி ஒருமுறை பார்த்தாள். பிறகு நேராகச் சாய்தளத்துக்குப் போனாள்.

பாதி தூரம் ஏறியதும் சக்கரம் நின்றது. நாற்காலி பின்னால் சரியப் பார்த்தது. அண்ணா முன்னால் பாய்ந்தார்.

“தொடாதீங்க,” என்றாள். சக்கரத்தை இறுக்கிப் பிடித்தபடி மெல்ல மெல்லப் பின்னால் இறங்கி வந்தாள். மூச்சு வாங்கியது.

“பன்னெண்டடிக்கு ஓரடி ஏறணும்னு வரைஞ்சிருந்தேன். இது எட்டடியிலேயே ஓரடி ஏறிடுது.”

“தூண் குறுக்க வந்துச்சு மேடம்,” என்றார் ஒப்பந்தக்காரர். “கொஞ்சம்தான் செங்குத்து. யாராவது பின்னாடி தள்ளினா ஏறிடலாம்.”

“தள்ள ஆள் இல்லாம ஒருத்தர் தனியா புஸ்தகம் படிக்க வரக் கூடாதா?”

அண்ணா மரப்பலகை அடுக்கின் மேல் கணினியைத் திறந்து வைத்தார். அக்கா வரைபடத்தைச் சுற்றித் திருப்பி, தூணைத் தொடாமலேயே சாய்தளத்தை இடப்பக்கம் மடக்கிக் கொண்டுபோக வழி இருப்பதைக் காட்டினாள். கொத்தனார்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். பெரிய திரை என்பதால் பின்வரிசைக்கும் தெரிந்தது. வயதான கொத்தனார் ஒருவர் தலையாட்டினார். “வரும்மா. அந்தப் பக்கம் எடம் இருக்கு.”

“அப்ப இதை உடைச்சிடுங்க.”

“மேடம், பூசி நாலு நாள்தான் ஆச்சு!”

“நல்லதுதானே. இன்னும் முழுசா இறுகல, சுலபமா வரும்.”

ஒப்பந்தக்காரர் முணுமுணுத்துக்கொண்டே தொலைபேசியோடு ஒதுங்கிப்போனார். ஆனால் அன்று மதியமே கடப்பாறைச் சத்தம் கேட்டது.

மூன்று வாரம் கழித்துப் போனோம். அக்கா யாரையும் கூப்பிடவில்லை. இடப்பக்கம் மடங்கித் திரும்புகிற இடத்தில் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, மேலே வாசல் வரைக்கும் தானே போய்ச் சேர்ந்தாள். அங்கே நாற்காலியைத் திருப்பிக் கீழே நின்ற எங்களைப் பார்த்தாள். அண்ணா கையைப் பின்னால் கட்டிக்கொள்ள மறந்து, இரண்டு கையாலும் தட்டினார்.

“தட்டினது போதும்,” என்று மேலிருந்து கத்தினாள். “அந்த டேப்பை எடுத்துக்கிட்டு வாங்க. கைப்பிடி ரெண்டு அங்குலம் உசரமா இருக்கு.”